கார் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பாகங்களை வீட்டில் மேம்படுத்துதல்

காரின் சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களைப் பாடியோடு இணைத்து, வண்டியின் எடையைத் தாங்கி, மேடு பள்ளங்களில் டயர் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பாகும். ஓட்டுநர் திருப்பும் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது ஸ்டீயரிங் அமைப்பு. பெயர் இரண்டானாலும் இவை முன்சக்கரத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒன்றில் கை வைத்தால் மற்றொன்றும் மாறும்.

இந்தப் பாகங்களை வீட்டு வாசலில் வைத்தே மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு, பெரும்பாலானவற்றை மாற்ற முடியும் என்பதே பதில். ஆனால் "மேம்படுத்துதல்" என்ற சொல் இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கிறது. தேய்ந்த பாகங்களை நீக்கி, அதே அளவில் புதியவற்றைப் பொருத்துவது ஒன்று. உயரம் குறைக்கும் ஸ்பிரிங், தடித்த ஸ்டெபிலைசர் பார், பாலியூரித்தேன் புஷ் என்று தொழிற்சாலை அளவிலிருந்து விலகும் பாகங்களைப் போடுவது இன்னொன்று. விளம்பரங்களில் இரண்டாவதே அதிகம் பேசப்படுகிறது. பழைய கார் ஒன்றில் ஓட்டுநரால் உணரக்கூடிய மாற்றத்தின் பெரும்பகுதி முதலாவதிலிருந்தே கிடைக்கிறது. தேய்மானம் நாள்தோறும் சிறிது சிறிதாக நடப்பதால், வண்டி புதிதில் எப்படி ஓடியது என்பதை உரிமையாளர் மறந்திருப்பார்.

அமைப்பு

இன்றைய சிறிய கார்களில் மிகப் பரவலாக இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷன். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சனின் பெயரால் இது வழங்குகிறது. 1950இல் இங்கிலாந்தில் வெளியான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள் இதைப் பரவலாக்கின. இந்தியாவில் அம்பாசிடரின் முன்புறத்தில் முறுக்குக் கம்பியும், பிரீமியர் பத்மினியின் முன்புறத்தில் இரட்டை விஷ்போனும் இருந்தன. மாருதி 800 வந்த பிறகு ஸ்ட்ரட் அமைப்பு ஊரெங்கும் பழகிப்போனது. 2005இல் இந்தியாவில் அறிமுகமான சுவிஃப்ட்டிலும் முன்னே ஸ்ட்ரட்டும் பின்னே டார்ஷன் பீமும்தான். இந்தக் கட்டுரை இவ்வகைக் கார்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளது.

ஸ்ட்ரட் என்பது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண். இதன் மேல்முனை பேரிங் கொண்ட மவுண்ட் வழியாகப் பாடியில் மூன்று நட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். கீழ்முனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு போல்ட்டுகளால் இணையும். நக்கிளின் அடியை லோயர் ஆர்ம் ஒரு பால் ஜாயிண்ட் வழியாகப் பிடித்திருக்கும். லோயர் ஆர்மின் மறுமுனையில் ரப்பர் புஷ்கள் இருக்கும். நக்கிளின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கையில் டை ராடு எண்ட் வந்து சேரும். அது ஸ்டீயரிங் ராக்கிலிருந்து வருகிறது. இரு பக்கச் சக்கரங்களையும் ஸ்டெபிலைசர் பார் என்ற வளைந்த கம்பி இணைக்கிறது. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது அது முறுக்கேறிச் சாய்வைக் குறைக்கும்.

ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் உள்ள வேறுபாடு அடிக்கடி குழப்பப்படுகிறது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அழுந்திய ஸ்பிரிங் மீண்டும் மீண்டும் குதிக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு வால்வுகள் வழியாக நெருக்கிச் செல்லும்போது அசைவு வெப்பமாக மாறுகிறது. ஷாக் போன வண்டி தாழ்ந்து உட்காராது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. பள்ளத்தில் இறங்கி ஏறிய டயர் தரையில் நிலைகொள்ளாமல் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது.

தேய்மானத்தைக் கண்டறிதல்

பாகம் வாங்கும் முன் எது கெட்டிருக்கிறது என்று அறிவது முக்கியம். இதில் டயரே முதல் சாட்சி. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வோ திசையோ தவறியிருக்கலாம். டயரின் மேல் கையைக் குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் உணர்ந்தால் டோ என்ற அளவு தவறியுள்ளது. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்க வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கி, கடிகார முகத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்கைச் சேர்ந்தது. 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் டை ராடு எண்டோ, ராக்கினுள் இருக்கும் உள் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஜாயிண்டின் மேல் விரலை வைத்துப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சியும் விரலுக்குத் தெரியும். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் காலம் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். உள்ளே புகுந்த மழைநீரும் மணலும் மிச்ச வேலையைச் செய்துவிடும்.

பானட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனையை அதிகம் நம்ப முடியாது. முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருப்பது தெளிவான அடையாளம்.

சிறு வேகத்தில் கரடுமுரடான தெருவில் "டக் டக்" என்று கேட்கும் ஓசைக்குப் பல நேரங்களில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடே காரணம். வீட்டு வேலையைத் தொடங்குபவருக்கு ஏற்ற முதல் பாகமும் இதுவே. விலை குறைவு, பக்கத்துக்கு இரண்டு நட்டுகள்தான். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி நிற்கும், லிங்க் எளிதில் வெளியே வராது. இரு முன்சக்கரங்களையும் சம உயரத்தில் தூக்கினால் கையாலேயே கழன்று வரும்.

தூக்கி நிறுத்துதல்

காருடன் வரும் ஜாக்கி பஞ்சர் ஆன சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டுமே. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கிக்கும் இதே விதிதான்; அதன் சீல் எப்போது விட்டுக்கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. சமதளமான காங்கிரீட் தரை, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, உற்பத்தியாளர் குறித்துள்ள இடங்களில் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள் ஆகியவை இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கையின்றி நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்கப் போட்டு வைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எல்லாம் தவறி வண்டி இறங்கினாலும் அந்தச் சக்கரத்தின் அகலம் இடைவெளியாக மிஞ்சும்.

ஸ்ட்ரட்டும் அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கும்

ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து இறக்குவது கடினமல்ல. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டின் பிடியிலிருந்து விடுவித்து, லிங்க் ராடைக் கழற்றி, நக்கிளின் இரு போல்ட்டுகளையும் மேலே உள்ள மூன்று நட்டுகளையும் எடுத்தால் முழுத் தூணும் வந்துவிடும். போல்ட்டுகளை எடுக்கும் முன் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கூரான கம்பியால் கோடு கிழித்து வைப்பது பின்னால் உதவும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்டை இழுத்துப் பிரித்துவிடலாம். அதனால் நக்கிளை உறுதியான கம்பியால் பாடியோடு கட்டி வைக்க வேண்டும்.

அபாயம் இதற்குப் பிறகே தொடங்குகிறது. மேலே மூன்று நட்டுகளுக்கு நடுவே தெரியும் நான்காவது நட்டு ஷாக் கம்பியைப் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்த ஒரு நட்டில்தான் நிற்கிறது. ஸ்பிரிங்கைத் தகுந்த கருவியால் அழுத்திப் பூட்டாமல் அதைக் கழற்றினால் மேல் மவுண்ட் குண்டு போலத் தெறிக்கும். கணக்குப் போட்டால் இது மிகையல்ல என்று புரியும். ஒரு மில்லிமீட்டர் அழுந்த 20 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங்கை 150 மி.மீ. அழுத்தினால் அது 3,000 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 300 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளும். அதில் தேங்கும் ஆற்றல் 225 ஜூல். 10 கிலோ இரும்பு 2.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இரட்டைக் கொக்கி ஸ்பிரிங் கம்பிரஸரை எதிரெதிராக வைத்து, இரு பக்கமும் சில சுற்றுகள் வீதம் மாறி மாறி, கையால் முறுக்க வேண்டும். கொக்கி வழுக்கினால் தப்பிக்க நேரமிருக்காது. எனவே வீட்டில் வேலை செய்பவர் இந்த ஒரு கட்டத்தை மட்டும் வெளியே கொடுப்பது அறிவுடைமை. கழற்றிய ஸ்ட்ரட்டைச் சுவரில் பொருத்திய கம்பிரஸர் உள்ள பட்டறைக்கு எடுத்துச் சென்று ஷாக்கை மாற்றி வாங்கி வரலாம்; ஸ்பிரிங்கோடு முழுமையாகப் பூட்டி வரும் ஸ்ட்ரட் கிடைத்தால் அதையே வாங்கலாம். மிச்சமாகும் கூலி இந்த அபாயத்துக்கு ஈடாகாது.

புதிய ஷாக்கின் பளபளப்பான கம்பியைப் பிளேயரால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் போதும், எண்ணெய் சீல் சில மாதங்களில் கிழிந்துவிடும். ஒரு பக்க ஷாக்கை மாற்றினால் அதே அச்சின் மறுபக்கத்தையும் மாற்ற வேண்டும். மேல் மவுண்டின் பேரிங்கையும் அப்போதே மாற்றுவது நல்லது. அது இறுகியிருந்தால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது.

பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட்

சக்கரத்துக்கும் ஓட்டுநரின் கைக்கும் இடையே உள்ள கடைசி இணைப்பு டை ராடு எண்ட். ஓடும் வண்டியில் அது கழன்றால் அந்தச் சக்கரம் தன் விருப்பத்துக்குத் திரும்பும். பிரேக்குக்கு இரண்டு சுற்றுகள் வைத்துக் கட்டிய பொறியாளர்கள் இங்கே மாற்று வழி எதையும் வைக்கவில்லை. எனவே இந்தப் பாகத்தில் விலை பார்த்து வாங்குவது சரியாகாது. பெயரும் எண்ணும் இல்லாத பெட்டியில் வரும் மலிவுப் பாகத்தைத் தவிர்த்து, கார் நிறுவனத்தின் அசல் பாகத்தையோ, தொழிற்சாலைகளுக்கே ஸ்டீயரிங் பாகங்கள் செய்து தரும் உற்பத்தியாளரின் பாகத்தையோ தேர்ந்தெடுக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே (மெட்ராஸ்) அத்தகைய உற்பத்தியாளர்களில் ஒன்று.

இதன் தண்டு கூம்பு வடிவில் நக்கிளின் துளைக்குள் இறுகியிருக்கும். நட்டைக் கழற்றிய பிறகும் வராது. இரட்டை முள் போன்ற கருவியை அடித்து நுழைத்தால் ஜாயிண்ட் வரும், ரப்பர் உறை கிழியும். பழையதைத் தூக்கி எறிவதாக இருந்தால் மட்டுமே அது சரி. திருகி இழுக்கும் புல்லர் நல்லது. அதுவும் இல்லாதபோது, தண்டை அடிக்காமல், அதைப் பிடித்திருக்கும் நக்கிள் கையின் பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் துளை கணநேரம் நெளிந்து கூம்பு விடுபடும்.

திருகி எடுக்கும் முன் லாக் நட் இருந்த இடத்தைப் பெயிண்டால் குறித்து, எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். புதியதை அதே எண்ணிக்கையில் உள்ளே திருக வேண்டும். ஒரு சுற்று தவறினால் என்ன ஆகும்? மரை இடைவெளி 1.5 மி.மீ., நக்கிள் கையின் நீளம் 125 மி.மீ. என்று கொண்டால், 350 மி.மீ. விட்டமுள்ள ரிம்மில் அந்த ஒரு சுற்று சுமார் 4 மி.மீ. வேறுபாடாகத் தெரியும். டோவுக்குப் பெரும்பாலான கார்களில் அனுமதிக்கப்படுவது ஓரிரு மில்லிமீட்டர்தான்.

ஸ்பிலிட் பின் போடும் கிரீட நட்டில், குறித்த டார்க்குக்கு முறுக்கிய பிறகு துளை நேர்ப்படாவிட்டால் அடுத்த வெட்டு வரை மேலும் முறுக்க வேண்டும். ஒருபோதும் தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய ஸ்பிலிட் பின்னையும் நைலான் வளையம் கொண்ட நட்டையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. இந்த வேலைகளுக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஒவ்வொரு நட்டின் அளவும் அந்தக் காரின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் இருக்கும். வேறு மாடலின் அளவை எடுத்துப் போடக் கூடாது.

ஸ்டீயரிங் வீல், ஏர்பேக், காலம் ஆகியவை வீட்டு வேலையின் எல்லைக்கு வெளியே நிற்பவை. ராக்கைக் கழற்ற நேர்ந்தாலும் ஸ்டீயரிங் வீலை அசையாமல் கட்டி வைக்க வேண்டும். அது கட்டுப்பாடின்றிச் சுற்றினால், ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா அறுந்துவிடும்.

லோயர் ஆர்ம் புஷ்

ரப்பர் புஷ் சுழலும் பேரிங் அல்ல. ரப்பரே முறுக்கேறி அசைவுக்கு இடம் தருகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இதன் போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதிலிருந்து அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அது கிழிவதற்குப் பாகம்தான் மட்டம் என்று கடைக்காரர் திட்டு வாங்குவார். போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, லோயர் ஆர்மின் அடியில் ஜாக்கியால் வண்டியின் எடை ஏறும்வரை தூக்கி, அந்த நிலையில் இறுதி முறுக்கைக் கொடுப்பதே முறை. வீட்டு வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுவாக இருக்கலாம். கையேட்டின் ஒற்றை வரியில் ஒளிந்திருக்கும் செய்தி இது.

பாலியூரித்தேன் புஷ் இப்படி முறுக்கேறாமல் தன் உறைக்குள் சுழலும். நீண்ட நாள் உழைக்கும், ஸ்டீயரிங் கூர்மையாகும். உரிய கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். குடும்பத்தோடு தினமும் ஓடும் வண்டிக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே பொருத்தம்.

மாற்று ஸ்பிரிங்கும் தடித்த பாரும்

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி 10 சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் கூடும். ஸ்டெபிலைசர் பாரும் அப்படியே: 18 மி.மீ. பாருக்குப் பதில் அதே வடிவில் 20 மி.மீ. திடக் கம்பி போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்கு. கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் மாற்றம் சாலையில் பெரிதாகிறது. 46 சதவீதம் விறைத்த ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கையே விட்டால், அதன் அடக்கும் திறன் ஒப்பளவில் சுமார் 17 சதவீதம் குறைந்ததற்குச் சமம். வண்டி துள்ளத் தொடங்கும். ஸ்பிரிங்கை மாற்றுபவர் அதற்கேற்ற ஷாக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டியதன் காரணம் இது.

இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுருளை அறுத்து உயரம் குறைக்கும் வழக்கமும் உண்டு. ஆறு செயல்படும் சுருள்கள் ஐந்தானால் விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. அறுத்த முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரலாம். கேஸ் வெல்டிங்கால் சூடாக்கித் தாழ்த்துவது இன்னும் மோசம், அது எஃகின் பதத்தையே கெடுத்துவிடும்.

முறையான தாழ்த்தும் ஸ்பிரிங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. தொழிற்சாலை உயரத்தில் லோயர் ஆர்மும் டை ராடும் ஏறக்குறைய ஒரே வில்லில் அசையும்படி கணக்கிடப்பட்டிருக்கின்றன. வண்டி தாழ்ந்தால் அந்த ஒற்றுமை குலையும். ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே பள்ளத்தில் சக்கரம் சற்றுத் திரும்பும். இதை பம்ப் ஸ்டீயர் என்பார்கள். ஸ்ட்ரட் வகையில் வண்டி தாழும் அளவைவிட அது சாயும் அச்சு அதிகமாகத் தாழ்வதால், உயரம் குறைந்தும் சாய்வு எதிர்பார்த்த அளவு குறையாமல் போகலாம். வேகத்தடைகள் நிறைந்த ஊரில் அடிப்பகுதி உரசுவது தனிக் கதை.

முன்சக்கர இயக்கக் காரில் முன் பாரைத் தடிப்பாக்கினால் வளைவில் வண்டி வெளிப்பக்கமாக விலகும் போக்கு கூடும். பின் பாரைத் தடிப்பாக்கினால் அது குறையும். மிகையானால் ஈரச் சாலையில் பின்பக்கம் வீசும்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. தேய்ந்ததை அதே வகைப் பாகத்தால் மாற்றுவது பராமரிப்பே. தாழ்த்துவது போன்ற மாற்றங்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீல் அலைன்மென்ட்

ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு இவற்றில் எதைக் கழற்றினாலும் இறுதியில் அலைன்மென்ட் அவசியம். முன்பு கிழித்து வைத்த கோடு கேம்பர் என்ற சாய்வைப் பழைய இடத்துக்கு அருகில் கொண்டுவரும். எண்ணிய சுற்றுகள் டோவைக் கொண்டுவரும். கடை வரை பத்திரமாக ஓட்டிச் செல்ல இவை போதும், டயரைக் காப்பாற்றப் போதாது. காரின் இரு பக்கமும் இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளப்பது வீட்டில் செய்யக்கூடிய சோதனை. அலைன்மென்ட் கடையில் முந்தைய, பிந்தைய அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள கார்களில் ஸ்டீயரிங் கோண உணரியின் பூஜ்ஜிய நிலையையும் ஸ்கேனரால் சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.

முதல் ஓட்டம் கூட்டமில்லாத தெருவில், குறைந்த வேகத்தில் இருக்க வேண்டும். இரு பக்கமும் முழுதாகத் திருப்பி ஹோஸோ ஒயரோ இழுபடுகிறதா என்று பார்த்து, நின்று, ஒவ்வொரு நட்டிலும் வைத்த பெயிண்ட் குறி நகர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி சோதிப்பது வழக்கம்.